ஒயர்மேன் கண்ணுசாமி எழுதச் சொன்ன வார்த்தை

கரட்டுப்பாளையத்துக்கு ஒயர்மேனாக வந்த கண்ணுசாமிக்குக் கம்பத்தில் ஏறப் பயமே கிடையாது. கீழே இறங்கி, யார் வீட்டு வாசலில் எந்த இடத்தில் நிற்பது என்பதில்தான் யோசனையெல்லாம்.

அவருடைய அப்பா கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கும் தோல்பறி தைத்துக் கொடுத்தவர். காட்டுக்குக் காடு கரண்டு மோட்டார் வந்ததும் அந்த வேலை நின்றுபோனது. அப்பா அதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. "அந்த நாத்தத்துல இருந்து தப்பிச்சேன்டா சாமி" என்று சொல்லிவிட்டு, எந்த மோட்டார் வந்து தன் வேலையை எடுத்துக்கொண்டதோ அந்த மோட்டாரையே படித்து வா என்று மகனைச் சேலத்து ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிப்புக்கு அனுப்பினார். கண்ணுசாமி அரசாங்க விடுதியில் தங்கிப் படித்து, எழுபத்தி நாலில் மின்சார வாரியத்தில் ஹெல்பராகச் சேர்ந்து, எழுபத்தேழில் ஒயர்மேன் ஆனார். அந்த வருஷமே மயிலம்மாளைக் கட்டிக்கொண்டு, திருச்செங்கோட்டுப் பக்கம் கரட்டுப்பாளையத்துக் காலனியில் குடியேறினார்.

ஊரைச் சுற்றி நானூறு இணைப்புக்கு மேல் இருந்தன. பாதிக்கு மேல் கிணற்று மோட்டார்கள். கடலைக்கும் கரும்புக்கும் தண்ணீர் பாயாமல் ஒரு மணி நேரம் நின்றால் விவசாயிக்கு உயிர் போய் உயிர் வரும். அதனால் கண்ணுசாமியை எல்லோருக்கும் வேண்டியிருந்தது. வேண்டியிருந்ததே தவிர, கூப்பிடுகிற விதம் வீட்டுக்கு வீடு மாறும். "ஏனுங் ஒயர்மேன்" என்பவர்கள் சில பேர். "டேய் கண்ணா" என்பவர்கள் பல பேர், அதில் அவரைவிடப் பத்து வயது சின்னவர்களும் உண்டு. அவர் இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பார். சைக்கிளில் ஊர்த்தெருவுக்குள் நுழையும்போது முதல் ஆறு மாதம் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனார். பிறகு ஒரு நாள் டிரான்ஸ்பார்மரில் புகை என்று ஆள் வந்து அவசரமாகக் கூப்பிட, ஏறி மிதித்துக்கொண்டு தெருவைத் தாண்டினார். அன்றைக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு அப்புறம் அவர் இறங்கவே இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் ஆரம்பத்திலிருந்தே பிடிவாதக்காரர். காலில் ரப்பர் ஷூ இல்லாமல் பியூஸ் கட்டையைத் தொடமாட்டார். கூட வேலை பார்த்த ஹெல்பர் ஒருவர் ஈரத்தில் வெறுங்காலோடு நின்று ஷாக் அடித்துச் செத்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர்.

எழுபத்தொன்பதாம் வருஷம் சித்திரை மாதம். சென்னியம்மாள் வீட்டில் கரண்டு இல்லை என்று செக்‌ஷன் ஆபீஸுக்குத் தகவல் வந்தது. சென்னியம்மாள் ஐம்பது வயதுக்காரர், புருஷன் இறந்து தனியாகப் பண்ணையம் பார்க்கிற கவுண்டர் வீட்டம்மா. அவர் வீடும் கொழுந்தனார் அப்புசாமிக் கவுண்டர் வீடும் எதிரும் புதிருமாக ஒரே வாசலில் இருந்தன. மீட்டர் போர்டு வீட்டின் வெளிச்சுவரில். அப்போதுதான் வாசல் கழுவிவிட்டிருந்தார்கள். கண்ணுசாமி ஒரு நொடி நின்று, ஈரத்தையும் தன் காலையும் பார்த்தார்.

"போட்டுக்கிட்டே வா சாமி, உசுரு முக்கியம்" என்றார் சென்னியம்மாள்.

மெயினை நிறுத்தி, பியூஸ் கட்டையைக் கழற்றிக் கம்பி மாற்றிக்கொண்டிருக்கும்போது அப்புசாமிக் கவுண்டர் காட்டிலிருந்து வந்தார். கையில் மாடு ஓட்டும் தார்க்குச்சி. பின்னால் இரண்டு பேர். வாசல்படியில் நின்று பார்த்தவர் அங்கிருந்தே சத்தம் போட்டார்.

"சக்கிலிப் பயலே! எவன்டா உன்னையச் செருப்போட எங்க வாசல்ல ஏறச் சொன்னது?"

கண்ணுசாமி திரும்புவதற்குள் குச்சி இடது முழங்கையில் விழுந்தது. இரண்டாவது அடி தோளில். டெஸ்டர் கையிலிருந்து தெறித்து ஈரத்தில் உருண்டது. "அப்பு! கரண்டுல நிக்கிறவனை அடிக்கிறயே, மனுசனா நீயி!" என்று சென்னியம்மாள் நடுவில் வந்து விழுந்தார். தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு கண்ணுசாமி செய்ததைத்தான் ஊர் ரொம்ப நாள் பேசியது. டெஸ்டரை எடுத்துச் சட்டையில் துடைத்தார். வலது கையாலேயே கம்பியை முறுக்கி முடித்து, கட்டையைச் செருகி, மெயினைப் போட்டார். "லைட்டு எரியுதுங்களான்னு பாருங்கம்மா" என்றார். சென்னியம்மாள் உள்ளே போய்ப் பார்த்து, "எரியுது சாமி" என்று அழுதுகொண்டே சொன்னார். அப்புறம்தான் கண்ணுசாமி சைக்கிளை எடுத்தார்.

ஆபீஸில் ஜூனியர் இன்ஜினியர் கையைப் பார்த்ததும் கொதித்துப்போனார். நல்ல மனுஷன். "டூட்டியில இருக்கற வாரிய ஊழியரை அடிச்சிருக்கான். முன்னூத்தி அம்பத்தி மூணாவது செக்‌ஷன் போடலாம். ரெண்டு வருஷம் வரைக்கும் தண்டனை இருக்கு" என்றார்.

கண்ணுசாமி வீங்கின கையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார். "சார், அவரு என்னைய வாரியத்து ஆளுன்னு அடிக்கலைங்களே" என்றார். "அப்படின்னா லைன் இன்ஸ்பெக்டரையும் அடிச்சிருக்கணுமில்லீங்க. எதுக்கு அடிச்சாருன்னு அவரே வாயாலச் சொன்னாருங்க. அதுக்கு ஒரு சட்டம் இருக்குதுங்களா?"

இன்ஜினியருக்கு அது சரியாகத் தெரியவில்லை. இருந்தாலும் தன் பங்குக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, முதலில் ஆஸ்பத்திரிக்கும் பிறகு ஸ்டேஷனுக்கும் போகச் சொன்னார்.

ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்த்தவர் ஏட்டு குழந்தைவேல். மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்துப் பேசுகிறவர். கேட்டுக்கொண்டே எழுதி, எழுதியதை வாசித்துக் காட்டினார். "...மேற்படியார் என்னைத் தகாத வார்த்தைகளால் திட்டி, தார்க்குச்சியால் அடித்து..."

"அந்த இடத்துல வார்த்தையை எழுதுங்க" என்றார் கண்ணுசாமி.

"தகாத வார்த்தைன்னு எழுதியிருக்கேனே."

"எந்த வார்த்தைன்னு இல்லீங்களே."

ஏட்டு பேனாவை வைத்தார். "யோவ், அதையெல்லாம் எப்படிய்யா காகிதத்துல எழுதறது? இன்ஸ்பெக்டர் படிப்பாரு, மாஜிஸ்ட்ரேட் படிப்பாரு."

"தெருவே கேட்டுச்சுங்க. அவங்க ரெண்டு பேரும் படிச்சா என்னங்க?"

குழந்தைவேல் எழுந்து அலமாரியைத் திறந்து, கட்டுக்குள் கிடந்த ஒரு சுற்றறிக்கையை உருவி வந்தார். தீண்டாமைச் சட்டத்தைத் திருத்திக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றி அப்போது இரண்டரை வருஷம்தான் ஆகியிருந்தது. அந்த ஸ்டேஷனில் அதன் கீழ் அதுவரை ஒரு வழக்கும் பதிவாகவில்லை. ஏட்டு விரலை வைத்து ஒரு வரியாகப் படித்தார்.

"ஏழு, ஒண்ணு, டி. தீண்டாமை காரணமா ஒருத்தரை இழிவுபடுத்தறது. சரியாத்தான்யா கேக்கற நீ. இந்தச் செக்‌ஷன் வேணும்னா அந்த வார்த்தை இருந்தாகணும். எதுக்காகத் திட்டினான்னு வார்த்தையிலதான் தெரியும்" என்றவர், முழுசாக எழுதின தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்தார். "அப்புசாமி சொன்னது எப்படியோ அப்படியே சொல்லு. ஒரு எழுத்துக் கூடாம, குறையாம."

கண்ணுசாமி சொன்னார். ஏட்டு எழுதினார். முன்னூத்தி அம்பத்தி மூணும் சேர்ந்தது, காயம் ஏற்படுத்தினதற்கு ஒரு பிரிவும் சேர்ந்தது. கையெழுத்துப் போடும்போது ஏட்டு, "தாசில்தார்கிட்ட ஜாதிச் சான்று ஒண்ணு வாங்கிக் குடுத்துரு" என்றார்.

"என்ன ஜாதின்னு ஊருக்கே தெரியுமுங்களே. அதைச் சொல்லித்தானுங்களே அடிச்சாங்க."

"ஊருக்குத் தெரியும்யா. கோர்ட்டுக்குத் தெரியணுமில்ல."

அன்றைக்கு முதல் தடவையாகக் கண்ணுசாமிக்குச் சிரிப்பு வந்தது.

அப்புசாமிக் கவுண்டர் ஜாமீனில் வந்தார். அடுத்த வாரமே மயிலம்மாளுக்குக் கடலை பிடுங்கும் வேலை கிடையாது என்று இரண்டு காட்டில் சொல்லிவிட்டார்கள். மயிலம்மாள் காட்டு வேலையை விட்டுவிட்டுப் பக்கத்து ஊர்த் தறிக்கூடத்தில் நூல் சுற்றப் போனாள். நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை. "இதுக்கு முன்னாடியே யாராச்சும் என்னைய வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்" என்றாள் புருஷனிடம். உண்மையிலேயே அவளுக்குத் தறிக்கூடம் பிடித்துப்போயிருந்தது.

ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேர் சமாதானம் பேச வந்தார்கள். கண்ணுசாமி அவர்களை நிற்கவைக்காமல், மரியாதையாகக் கட்டிலைப் போட்டு உட்காரச் சொன்னார். "நானே ராசி ஆகறேன்னு சொன்னாலும் இந்தச் செக்‌ஷன்ல ஆக முடியாதாமுங்க, ஏட்டு சொல்றாரு" என்றார். அது அவருக்கு ரொம்பச் சௌகரியமாக இருந்தது. மாட்டேன் என்று ஊருக்கு முன்னால் தான் சொல்ல வேண்டியதில்லை, சட்டமே அவருக்காகச் சொல்லிவிட்டது.

அவருக்கு இருந்த ஒரே கலக்கம் சென்னியம்மாளைப் பற்றித்தான். தெருவில் நின்று பார்த்தவர்கள் எல்லோரும் "அந்த நேரத்துல நான் சந்தைக்குப் போயிட்டேன்" என்று போலீஸிடம் சொல்லிவிட்டார்கள். சென்னியம்மாள் மட்டும் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லியிருந்தார். ஆனால் போலீஸிடம் சொன்னதைக் கோர்ட்டில் மாற்றிச் சொல்கிறவர்கள் எத்தனையோ பேர். கவுண்டர் வீட்டம்மா, அதுவும் சொந்தக் கொழுந்தனாருக்கு எதிராக. கண்ணுசாமி போய்க் கேட்கவில்லை. கேட்டால் சாட்சியைக் கலைத்தது போல ஆகும் என்று ஏட்டு எச்சரித்திருந்தார்.

ஆடி மாதத்தில் சென்னியம்மாள் கிணற்று மோட்டாருக்கு வரும் மூன்று பேஸ் கரண்டில் ஒன்று வரவில்லை. கண்ணுசாமி கம்பத்தில் ஏறிச் சரிசெய்து இறங்கினார். அந்தம்மாவே பேச்சை எடுத்தார்.

"சாமி, எங்க ஆளுக தினத்திக்கும் ஊட்டுக்கு வந்து பேசறாங்க. பொறந்த ஊட்டுல இருந்து எங்கண்ணனைக்கூடக் கூட்டியாந்து பேசவெச்சாங்க. நானு எல்லாருத்துக்கும் ஒண்ணுதான் சொன்னேன். கோர்ட்டுல கூப்புட்டாக் கண்டதைச் சொல்லுவேன். காணாததைச் சொல்லமாட்டேன். நீயும் அதுக்கு மேல என்கிட்ட எதிர்பார்க்காதே."

"அதுவே போதுமுங்கம்மா" என்றார் கண்ணுசாமி.

எண்பதாம் வருஷம் கார்த்திகையில் திருச்செங்கோட்டுக் கோர்ட்டில் விசாரணை வந்தது. கூண்டில் முதலில் ஏறியவர் கண்ணுசாமி. ஸ்டேஷனில் தயங்காமல் சொன்ன வார்த்தை அங்கே சத்தமாக வரவில்லை. வக்கீல்கள், குமாஸ்தாக்கள், வேறு வழக்குக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் முணுமுணுத்தார்.

"காதுல விழலை. சத்தமாச் சொல்லுங்க. சொல்ற உங்களுக்கு அதுல ஒரு குறையும் இல்லை" என்றார் மாஜிஸ்ட்ரேட்.

அந்த 'ங்க'வைக் கேட்டதும் கண்ணுசாமிக்கு முதுகு நிமிர்ந்தது. அப்புசாமிக் கவுண்டர் சொன்னதை அதே வரிசையில், தெளிவாகச் சொன்னார். டைப் அடிக்கிறவர் நிறுத்தாமல் அடித்தார். அந்தச் சத்தம் அடங்கியபோது, இத்தனை நாளும் தன் நெஞ்சில் கிடந்தது இனிமேல் அந்தக் காகிதத்தில் கிடக்கட்டும் என்று அவருக்குத் தோன்றியது.

எதிரித் தரப்பு வக்கீல் கெட்டிக்காரர். ஜாதிச் சான்றை மறுக்கவில்லை, அடித்ததைக்கூட அதிகம் மறுக்கவில்லை. அவருடைய வாதம் வேறு. கழுவிவிட்ட வாசலில் யார் செருப்போடு ஏறினாலும் வீட்டுக்காரனுக்குக் கோபம் வரும். கோபம் செருப்பின் மேல்தானே தவிர ஜாதியின் மேல் இல்லை. கோபத்தில் வாயில் வந்தது வந்துவிட்டது. அதைத் தீண்டாமை என்று சொல்ல முடியாது. கேட்டுக்கொண்டிருந்த கண்ணுசாமிக்கே ஒரு நிமிஷம், அப்படியும் இருக்குமோ என்று ஆகிவிட்டது.

அடுத்து சென்னியம்மாள் வந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கூண்டுக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நடந்ததைச் சொன்னார். வார்த்தையையும் சொன்னார். பிறகு எதிரி வக்கீல் எழுந்தார்.

"உங்களுக்கும் எதிரிக்கும் வரப்புத் தகராறு இருக்குதுங்களா, இல்லீங்களா?"

"இருக்குதுங்க. அதுக்குத் தனியா ஒரு கேஸ் நடக்குதுங்க."

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. வக்கீல் விடவில்லை. "அந்த விரோதத்துல பொய் சொல்றீங்க."

"வரப்புச் சண்டை இருந்தாக் காது கேக்காமப் போயிருமுங்களா?"

வக்கீல் தன் முக்கியமான கேள்விக்கு வந்தார். "வாசல்ல யார் செருப்புப் போட்டு ஏறினாலும் எதிரி கோவிச்சுக்குவார். சரிதானுங்களே?"

சென்னியம்மாள் கொஞ்சம் யோசித்தார். கொழுந்தனார் நின்றிருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "இல்லீங்க" என்றார். "அதுக்கு முந்தின மாசம் லைன் இன்ஸ்பெக்டரு வந்தாருங்க, எங்காளுகதான். பூட்ஸோட இதே வாசல்ல, இதே போர்டுக்கு முன்னால நின்னாருங்க. எங்க கொழுந்தனாருதான் நாற்காலி கொண்டாந்து போட்டாரு. உள்ள இருந்து மோரும் கொண்டாரச் சொன்னாரு. நானேதானுங்க மோந்து குடுத்தேன்."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். அரசுத் தரப்பு வக்கீலுக்கு அதற்கு மேல் கேட்க ஒன்றும் இருக்கவில்லை.

தை மாதம் தீர்ப்பு வந்தது. மாஜிஸ்ட்ரேட் வாசித்ததைக் கண்ணுசாமி ஒவ்வொரு சொல்லாகப் பிடித்துக்கொண்டார். ஷெட்யூல்டு ஜாதியைச் சேர்ந்த ஒருவருக்கு இப்படி ஒரு செயல் நடந்தால், அது தீண்டாமை காரணமாகவே நடந்தது என்று கோர்ட் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று காட்ட வேண்டியது எதிரியின் பொறுப்பு. எதிரி அதைக் காட்டவில்லை. மாறாக, ஒரே வாசலில் ஒரு காலணிக்கு மோரும் இன்னொரு காலணிக்கு அடியும் கிடைத்திருப்பதை எதிரியின் அண்ணி சொல்லியிருக்கிறார். ஒரு மாதம் சிறை, அபராதம். மற்றப் பிரிவுகளுக்கும் அதே அளவு, எல்லாம் ஒன்றாக அனுபவிக்க வேண்டியது.

அப்பீல் சேலத்துக்குப் போய் ஒன்றரை வருஷம் கிடந்து, அங்கேயும் தீர்ப்பு நின்றது. அந்தச் சட்டத்தில் ஒரு மாதத்துக்குக் கீழே குறைக்க வழியில்லை. அப்புசாமிக் கவுண்டர் எண்பத்திரண்டில் ஜெயிலுக்குப் போய் வந்தார். கண்ணுசாமி அதைக் கொண்டாடவில்லை. "ஒரு மாசம்தானா?" என்று காலனியில் சிலர் குறைப்பட்டார்கள். "எனக்கு மாசக் கணக்கு முக்கியமில்லை. எதுக்குன்னு எழுதியிருக்குது பாரு, அது போதும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

அப்புசாமிக் கவுண்டர் வெளியே வந்த மூன்றாம் மாதம் அவர் மோட்டாருக்குக் கரண்டு வரவில்லை. கண்ணுசாமி போனார், ரப்பர் ஷூவோடுதான். கவுண்டர் கிணற்றுமேட்டில் உட்கார்ந்திருந்தார். பழையபடி 'வாடா' என்று சொல்ல முடியாது. 'வாங்க' என்று சொல்ல வாய் வராது. இரண்டுக்கும் நடுவில் எதையோ தேடிப் பிடித்து, "வந்தாச்சா?" என்றார்.

"வந்தாச்சுங்க" என்றார் கண்ணுசாமி.

வேலை முடிந்தது. "சுவிச்சைப் போட்டுப் பார்க்கலாமா?" என்று கவுண்டர் வானத்தைப் பார்த்துக் கேட்டார். "பார்க்கலாமுங்க" என்றார் இவர். தண்ணீர் கொட்டியது.

வீட்டுக்கு வந்து மயிலம்மாளிடம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "வான்னும் இல்லை, வாங்கன்னும் இல்லை. வந்தாச்சாவாம்! பார்க்கலாமாவாம்! அந்த மனுசன் ஒவ்வொரு பேச்சுக்கும் எத்தனை பாடுபடறாருங்கற!"

"படட்டும்" என்றாள் மயிலம்மாள், சோற்றைப் போட்டபடி. "நீங்க முப்பது வருசம் பட்டீங்களே."

அப்படியே அந்த ஊரில் இன்னும் நாலு வருஷம் ஓடியது. அப்புசாமிக் கவுண்டர் கடைசி வரைக்கும் 'வாங்க' சொல்லவில்லை. 'டேய்' என்றும் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கவுண்டர் சொல்லாததை ஊரில் மற்றவர்களும் மெல்ல மெல்லச் சொல்லாமல் விட்டார்கள். இளவட்டங்கள் "ஒயர்மேன் அண்ணா" என்றே கூப்பிடப் பழகிவிட்டார்கள். சென்னியம்மாளிடம் அவருடைய பங்காளி வகையறா இரண்டு வருஷம் பேசாமல் இருந்து, ஒரு கல்யாணத்தில் பேச ஆரம்பித்தார்கள். வரப்புக் கேஸ் மட்டும் நடந்துகொண்டே இருந்தது.

அக்கம்பக்கத்து ஊர்க் காலனிகளிலிருந்து கண்ணுசாமியைத் தேடி ஆட்கள் வந்தார்கள். டீக்கடைத் தகராறு, கோயில் வாசல் தகராறு, கிணற்றடித் தகராறு. அவர் பேச்சை வளர்க்கமாட்டார். அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போ, நாள் தள்ளாதே. சொன்ன வார்த்தை என்ன, எந்த இடம், யார் யார் கேட்டது, அப்படியே சொல், நீயாக ஒன்றும் சேர்க்காதே. எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடு. சான்றுக்குத் தாசில்தாரைப் பார். இவ்வளவுதான் சொல்வார். சில பேருக்கு வழக்கு நின்றது, சில பேருக்குச் சாட்சி மாறித் தோற்றது. தோற்றவர்களும் வந்து அவரிடம் டீ குடித்துவிட்டுப் போவார்கள்.

எண்பத்தாறில் லைன் இன்ஸ்பெக்டராகப் பதவி உயர்ந்து ஓமலூருக்கு மாற்றலானார். அங்கே வாரியத்துக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. மயிலம்மாள் தறிக்கூடத்தை விட்டு வரவேண்டியிருந்ததில் முதலில் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். பிறகு ஓமலூரிலும் தறி உண்டு என்று தெரிந்து ஒரே வாரத்தில் வேலை தேடிக்கொண்டாள். வீட்டுக்குப் பின்னால் இரண்டு பாத்தி கத்திரி போட்டார்கள். கண்ணுசாமிக்கு இப்போது கீழே நான்கு ஒயர்மேன்கள். கம்பத்தில் ஏற வேண்டிய அவசியம் இல்லை. இருந்தாலும் மழைக்காலத்தில் பெரிய லைன் அறுந்துவிட்டது என்றால், "தள்ளுங்கப்பா" என்று சொல்லிவிட்டு வேட்டியை மாற்றி அவரே ஏறிவிடுவார். மேலே காற்று நன்றாக வீசும், தூரத்தில் சேர்வராயன் மலை தெரியும் என்று, இறங்கி வந்து காரணம் சொல்வார்.